திரை வாங்கும் படலம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை எமது பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். குசலம் விசாரித்து முடிந்ததும், "அண்ணை, மகனுக்கு ஒரு கொம்பியூட்டர் மொனிட்டர் வாங்க வேணும். இப்ப வாங்கலாமோ, இன்னுங் கொஞ்சம் பொறுக்கலாமோ?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ஒரு கணம் பேசாதிருந்தார். அந்த ஒரு கணத்தில் அவர் எதனை நினைத்தாரோ அதனையே நாமும் நினைத்தோம். இதே கேள்வியை அவர் எம்மிடம் கேட்டது இஃது இரண்டாந் தடவை. முதன்முறை கேட்டது 2021ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில். அன்று நாம் கூறிய மறுமொழியின் பலனை அவருடைய மூத்த மகள் ஓராண்டுக்கு மேலாக அனுபவிக்க நேர்ந்தது.

அந்தக் கதையை முதலிற் சொல்லிவிடுதலே முறை. 2020ஆம் ஆண்டு பங்குனி மாதத்திற் கொரோனா நோயின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன் பின்னர் நெடுங்காலம் எமது நாட்டு மாணாக்கர் இணைய வழியாகவே பாடங் கேட்டனர் என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். நண்பரின் மகளும் அவ்வாண்டிலேதான் உயர்தர வகுப்பிற் சேர்ந்தாள். வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தது. பெட்டிக்கு ஒரு குறையுமில்லை. திரை மாத்திரம் ஒருநாள் இடிமின்னலோடு கண்ணை மூடிவிட்டது. புதிதாக ஒரு திரை வாங்கிப் பூட்டினாற் போதும். பணத்தையும் அவர் ஒருவாறு சேர்த்து வைத்திருந்தார்.

நாமோ அன்று பெரிய மேதையைப் போலப் பேசினோம். "தம்பி, இந்தச் சாமான்கள் ஆண்டுக்கு ஆண்டு மலிந்துகொண்டே போகின்றன. இன்று பெருந்தொகை கொடுத்து வாங்கும் நுண்ணிய திரை அடுத்த வருடம் பாதி விலைக்கு வரும். பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றோம். அவரும் பொறுத்தார்.

2022ஆம் ஆண்டு பங்குனி மாதம் வந்தது. அதுவரை ஒரு அமெரிக்க டொலருக்கு 200 ரூபா அளவிற் கட்டிவைக்கப்பட்டிருந்த நாணய மதிப்பு அவிழ்த்துவிடப்பட்டது. வைகாசி மாத நடுப்பகுதியில் ஒரு டொலரின் விலை 360 ரூபா அளவில் நின்றது. 150 டொலர் பெறுமதியான ஒரு திரையை எடுத்துக்கொள்வோம். முன்னைய கணக்கில் அது 30,000 ரூபா. பின்னைய கணக்கில் 54,000 ரூபா. வரியும் கடைக்காரர் இலாபமும் வேறு. நாம் எதிர்பார்த்தவாறு அத்திரை வெளிநாட்டுச் சந்தையிற் பத்து டொலர் மலிந்தேயிருந்தாலும், இங்கே அந்தப் பத்து டொலர் எந்த மூலைக்குக் காணும்? நண்பர் சேர்த்து வைத்திருந்த பணம் எரிவாயுவுக்கும் பால்மாவுக்குமாகக் கரைந்து போயிற்று.

அந்தப் பெண் கைத்தொலைபேசியிலேயே படித்தாள். பங்குனி மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. ஆனி, ஆடி மாதங்களில் எரிபொருளின்மையாற் பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டன. 2022ஆம் ஆண்டுப் பரீட்சை பிற்போடப்பட்டு 2023ஆம் ஆண்டு தை, மாசி மாதங்களில் நடைபெற்றது. அதுவரையும் கடந்தகால வினாத்தாள்களை ஏழு சென்றிமீற்றர் அகலமான கண்ணாடியில் விரலால் விரித்தும் சுருக்கியும் அவள் வாசித்தாள். நாம் அவ்வீட்டுக்குச் சென்றிருந்த ஒரு நாளில், வரைபடம் ஒன்றின் ஒரு மூலையைப் பார்த்து, மறு மூலைக்கு நகர்த்தி, முதல் மூலையில் என்ன இருந்ததென்பதை மறந்து, மீண்டும் அங்கே போவதைக் கண்டோம். அவள் எம்மை ஒன்றுஞ் சொல்லவில்லை. பல்கலைக்கழகமும் புகுந்துவிட்டாள். எனினும் அந்தக் காட்சி எமது மனத்தை விட்டு நீங்கவில்லை.

எமது பிழை எங்கே நேர்ந்தது? திரைகள் மலிந்துவருகின்றன என்று சொன்னது பொய்யன்று. ஆனால் அவை டொலரில் மலிகின்றன. நாமோ ரூபாவிற் சம்பளம் வாங்குகின்றோம். இஃது ஒன்று. இதைவிடப் பெரிய பிழை, பரீட்சைக்கு ஒரு தவணை உண்டு என்பதை மறந்து, பொருளின் விலையை மாத்திரம் நோக்கியது. விலை எப்போது இறங்கும் என்பதை எவரும் அறியார். பிள்ளை எப்போது பரீட்சை எழுதுவாள் என்பதை வீட்டில் எல்லோரும் அறிவர். அறிந்ததை விட்டு அறியாததைப் பற்றிக்கொண்டு ஆலோசனை சொன்னோம்.

இதைக் கேட்டு, "அப்படியானால் இன்றைக்கே ஓடிப்போய் வாங்க வேண்டும்" என்று சிலர் புறப்படலாம். அதுவும் சரியன்று. 2022ஆம் ஆண்டு நடுவில், இனி டொலர் 500 ரூபா ஆகும் என்ற பீதியில், தேவையில்லாமலே மின்பொருள்களை வாங்கிக் குவித்தவர்களையும் நாம் கண்டோம். 2024ஆம் ஆண்டு முடிவில் டொலர் 300 ரூபாவுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றபோது அவர்கள் முகம் வாடிற்று. ஆசையாற் பொறுத்த நாமும் அச்சத்தால் முந்திய அவர்களும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளே.

ஆதலால் இப்போது நாம் வேறொரு கணக்குச் சொல்கின்றோம். நல்ல திரையொன்று ஒழுங்காகப் பேணப்பட்டால் எட்டு வருடம் உழைக்கும். 48,000 ரூபாவுக்கு ஒரு திரை வாங்கினால், 96 மாதங்களுக்கு மாதம் 500 ரூபா விழுகிறது. ஆறு மாதம் பொறுத்து 3,000 ரூபா மிச்சம் பிடித்தோமென்றால், அந்த ஆறு மாதத்துப் பயனையும் இழந்துதான் அத்தொகையை மிச்சம் பிடித்தோம். உண்மையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த ஆறு மாதமும் பிள்ளையின் படிப்புக் காலமாயின் நட்டமே. வேலை காத்துக்கொண்டிருந்தால் வாங்குக. வேலை இல்லையாயின் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். சித்திரைப் புத்தாண்டையும் வருட முடிவையும் ஒட்டிக் கடைகளில் விலைக்கழிவு கொடுக்கும் வழக்கம் உண்டு. அதற்கு மூன்று நான்கு கிழமைகளே இருக்குமானாற் பொறுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

புதிய வகை வருகிறது என்ற காரணத்துக்காகப் பொறுப்பதோ முடிவில்லாத காரியம். இந்தத் திரைகளின் உள்ளே இருக்கும் திரவப் பளிங்கை 1888ஆம் ஆண்டிற் கண்டவர் பிரீட்ரிக் ரைனிட்சர் என்ற ஒஸ்திரிய நாட்டுத் தாவரவியல் அறிஞர். அவர் ஆராய்ந்தது கரட் கிழங்கிலிருந்து எடுத்த ஒரு பொருளை! அது காட்சித் திரையாக அமெரிக்காவில் வெளிக்காட்டப்பட்டது 1968ஆம் ஆண்டில். பக்கவாட்டிற் பார்த்தாலும் நிறம் மாறாத வகையை ஜப்பானிய ஹிட்டாச்சி நிறுவனம் 1996ஆம் ஆண்டிற் கொண்டுவந்தது. அதன் பின்னரும் எத்தனையோ வந்துவிட்டன, இனியும் வரும். கரட் கிழங்கின் காலந்தொட்டுப் பொறுத்திருந்தவர் எவரும் இறுதியான திரையைக் கண்டாரில்லை.

எப்போது என்ற கேள்வி இவ்வளவில் நிற்க, எது என்ற கேள்விக்கு வருவோம். கடைக்குள் நுழைந்தவுடன் அங்குலக் கணக்கே காதில் விழும். 22, 24, 27, 32 என்று அடுக்குவார்கள். இந்த அங்குலம் மூலைக்கு மூலை அளந்த அளவு. இதனை நாம் வேறொரு பொருளால் அளக்க விரும்புகின்றோம். மாணவர் கையிலுள்ள வினாத்தாள், பாடக் குறிப்பு, விண்ணப்பப் படிவம் யாவும் ஏ4 தாளிலேயே அச்சாகின்றன. அத்தாளின் உயரம் 29.7 சென்றிமீற்றர், அகலம் 21 சென்றிமீற்றர். இப்போது வழக்கிலுள்ள 24 அங்குல அகலத் திரையின் உயரம் ஏறக்குறைய 29.9 சென்றிமீற்றர், அகலம் 53 சென்றிமீற்றர். என்ன பொருத்தம்! ஒரு முழுத் தாளும் ஏறத்தாழ அதன் உண்மை அளவிலேயே நிற்கும். அதன் அருகே மற்றொரு தாளையும் நிறுத்தலாம். ஒரு பக்கத்தில் வினாத்தாள், மறுபக்கத்தில் விடை எழுதும் பக்கம். அந்தப் பெண் தொலைபேசியில் இழந்தது இதனைத்தான்.

"அப்படியென்றால் 27 அங்குலம் இன்னும் நல்லதன்றோ?" என்பீர்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். திரையிலுள்ள உருவம் நுண்ணிய ஒளிப்புள்ளிகளால் ஆனது. மலிவான திரைகளிற் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். மொத்தம் இருபது இலட்சத்துக்குச் சற்று மேல். 24 அங்குலத்திலும் இதே தொகை, 27 அங்குலத்திலும் இதே தொகை என்றால், பெரிய திரையிற் பரப்பு கால்வாசிக்கு மேல் கூடுகிறது, புள்ளி கூடவில்லை. கூழிலே தண்ணீர் விட்டதுபோலத்தான். 24 அங்குலத்தில் ஓர் அங்குல நீளத்துக்கு 92 புள்ளிகள்; 27 அங்குலத்தில் 82 புள்ளிகளே.

இது தமிழ் வாசிப்போருக்கு மிகவும் முக்கியமான சங்கதி. ஆங்கில எழுத்துப் பெரும்பாலும் நேர்கோடும் அரைவட்டமுமாக இருப்பதாற் குறைந்த புள்ளிகளிலும் ஒருவாறு பிழைத்துக்கொள்ளும். எமது எழுத்தோ சுழியும் வளைவும் கொம்புமாய் நெருங்கி நிற்பது. தாளில் 3 மில்லிமீற்றர் உயரமுள்ள ஓர் எழுத்தை அதே அளவிற் காட்ட 82 புள்ளித் திரையில் நெடுக்கே பத்துப் புள்ளிகளே உண்டு. அதற்குள் 'ண' கரத்தின் சுழிகளை எங்ஙனம் அடக்குவது? மெய்யெழுத்தின் தலைமேல் இருக்கும் குற்றோ ஓர் ஒளிப்புள்ளிக்குள் ஒடுங்கி, இருக்கின்றதா இல்லையா என்ற ஐயத்தை உண்டாக்கும். கண்ணைச் சுருக்கி முன்னுக்குக் குனிகின்றோம். பிறகு கழுத்து நோகிறது என்கின்றோம். ஆகவே 27 அங்குலந்தான் வேண்டுமென்றால் 2,560க்கு 1,440 புள்ளியுள்ளதை வாங்குக. அதில் அங்குலத்துக்கு 109 புள்ளிகள் கிடைக்கும். பணம் இடங்கொடுத்தால் 3,840க்கு 2,160 என்ற மிக நுண்ணிய வகையும் உண்டு. அதில் தமிழ் எழுத்து அச்சுப் போலவே துலங்கும். பார்க்கப் பார்க்க ஆசையாயிருக்கும். ஆனால் பழைய கணினிகள் பல அத்தனை புள்ளிகளையும் விநாடிக்கு 30 தடவைக்கு மேல் அனுப்பமாட்டா; சுட்டி தடுமாறித் தடுமாறி ஓடும். கணினியின் வலுவை விசாரிக்காமல் அதனை வாங்குதல் வீண். குறைந்த செலவிற் படிப்புக்கு வேண்டுவோர்க்கு 24 அங்குலமே எமது தெரிவு. மேசை சிறிதாயின் 22 அங்குலமும் குற்றமில்லை. புள்ளிகள் அதில் இன்னும் நெருக்கமாகவே இருக்கும்.

வீட்டிலுள்ள 32 அங்குலத் தொலைக்காட்சியையே பூட்டிவிட்டாலென்ன என்று கேட்கும் தந்தைமாரும் உளர். படம் பார்க்கலாம், படிக்க முடியாது. அவ்வளவினவான தொலைக்காட்சிகள் பலவற்றில் 1,366க்கு 768 புள்ளிகளே உண்டு. கணக்கிட்டால் அங்குலத்துக்கு 49. எட்டடி தூரத்திலிருந்து நாடகம் பார்ப்பதற்கென்று செய்த பொருளை இரண்டடி தூரத்தில் வைத்து வாசித்தல் கண்ணுக்குச் செய்யும் கொடுமை.

விநாடிக்கு எத்தனை தடவை உருவம் புதுப்பிக்கப்படுகிறது என்பதை ஹேர்ட்ஸ் என்ற அலகாற் கூறுவர். 60 போதும், 100 இருந்தால் பக்கங்களை உருட்டும்போது இதமாயிருக்கும். 144, 180 என்பவை விளையாட்டுப் பிரியர்களுக்கு உரியவை. மகன் இவற்றைப் பற்றி அதிகம் பேசுவானாயின், அவன் மனத்திலிருப்பது இரசாயனவியலன்று என்பதைப் பெற்றோர் ஊகித்துக்கொள்ளலாம்.

கடையிற் பார்க்கும்போது கவனம் வேண்டும். பம்பலப்பிட்டியிலே கணினிக் கடைகள் நிறைந்த மாடிக் கட்டடத்துக்குச் சென்றவர்கள் அறிவர்: திரைகள் எல்லாவற்றிலும் மயிலும் மலரும் பவளப்பாறையும் பளபளத்துக்கொண்டிருக்கும். அவற்றைப் பார்த்து ஒன்றுந் தெரிந்துகொள்ள முடியாது. தமிழ்ப் பாடக் குறிப்பு ஒன்றைச் சிறு நினைவகக் குச்சியிற் கொண்டுபோய், அதைத் திறந்து காட்டும்படி கேட்க வேண்டும். வெள்ளைப் பக்கத்திற் கறுப்பெழுத்து எப்படித் தோன்றுகிறது? பக்கவாட்டிலும் கீழிருந்தும் பார்த்தால் நிறம் வெளுக்கிறதா? ஐ.பி.எஸ். என்று குறித்த வகையில் அவ்வளவு வெளுக்காது; இருவர் அருகருகே இருந்து படிக்கும் வீட்டுக்கு அதுவே நல்லது. பிறகு ஒளியைக் குறைத்து, வெள்ளைப் பக்கத்தின் முன் ஒரு பென்சிலை விரைவாக ஆட்டிப் பாருங்கள். பென்சில் புகைபோல ஒரே தொடராகத் தெரிந்தால் நன்று. எண்ணத்தக்க பல பென்சில்களாகத் தெரிந்தால், திரையின் விளக்கு கண்ணுக்குப் புலப்படாமல் அணைந்து அணைந்து எரிகிறது என்பது பொருள்; அதனால் தலைவலி காண்போர் உண்டு. கடைக்காரர் எம்மை ஒருமாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும். முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லிச் செத்த புள்ளி ஏதும் உண்டோ என்றும் நோக்குக. ஒன்றிரண்டு புள்ளி செத்திருந்தால் உத்தரவாதத்தில் மாற்றித் தருவதில்லை என்று வீட்டுக்கு வந்தபின் அறிந்து வருந்திப் பயனில்லை.

உத்தரவாதச் சீட்டில் எத்தனை வருடம் என்பதோடு, பழுதானாற் பொருளை எங்கே கொண்டு செல்ல வேண்டுமென்பதையும் கேட்டறிக. யாழ்ப்பாணத்தில் வாங்கிய திரையைத் திருத்தக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருந்தால், ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பேருந்துப் பயணம். அட்டைப்பெட்டியையும் உள்ளிருக்கும் நுரைத் துண்டுகளையும் பரணிலே பத்திரப்படுத்துவது இதற்காகத்தான். கொண்டு போகும்போது பெட்டியை நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்க வைத்து அதன்மேல் மாம்பழக் கூடையை ஏற்றலாகாது.

இணைக்கும் வடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கணினிகளில் நீல நிறமான, பதினைந்து துளையுள்ள வாய் இருக்கும். புதிய திரைகள் சிலவற்றில் அது கிடையாது. கணினியின் பின்புறத்தைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். மாற்றுக் கருவி தேவைப்பட்டால் அதற்கென மின்சுற்று உள்ளதையே கேட்க வேண்டும். வெறும் வடம் மாத்திரம் வேலை செய்யாது.

மின்கட்டணத்தைப் பற்றித் தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை. 24 அங்குலத் திரை 20 வாற்று அளவே எடுக்கும். நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு மூன்று அலகு. அஞ்ச வேண்டியது இடிமின்னலுக்கு. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் வானம் கறுத்தால் மின்செருகியைக் கழற்றிவிடுங்கள். ஆளியை மாத்திரம் அணைத்தல் போதாது.

வீட்டுக்கு வந்த திரையை யன்னலுக்கு நேரெதிரே வையாமலும், யன்னலை முதுகுப்புறமாகக் கொள்ளாமலும் பக்கவாட்டில் வைக்க. முகத்துக்கும் திரைக்கும் இடையே ஒரு கை நீட்டும் தூரம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரவேண்டும். சற்றுக் கீழே இருந்தாலும் பாதகமில்லை. பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக உயரம் மாற்ற முடியாத தாங்கியோடு வாங்கினோர், எம்மைப் போலப் பழைய தொலைபேசிப் புத்தகம் இரண்டை அடியில் வைத்துக்கொள்ளலாம். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று விற்பதை வாங்கக் காசு செலவிட வேண்டாம். கண் களைப்பை அது குறைப்பதாகத் தெரியவில்லையென்று, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கொக்ரேன் மதிப்பாய்வு 2023ஆம் ஆண்டிற் கூறியது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது விநாடி நேரம் இருபது அடிக்கு அப்பாலுள்ள முற்றத்து வேம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வேம்பு இல்லாத தொடர்மாடி வீட்டார் எதிர் வீட்டு யன்னலைப் பார்க்கலாம். எதிர் வீட்டார் தவறாக எண்ணாதிருப்பின்.

நண்பருக்கு இவ்வளவையும் ஒரே மூச்சிற் சொல்லவில்லை. "மகன் எப்போது பரீட்சை எழுதுகின்றான்?" என்று மாத்திரம் முதலிற் கேட்டோம். "வாற வருஷம்" என்றார். "அப்படியானால் இந்த மாதமே வாங்குங்கள். 24 அங்குலம். மேசையில் இடமும் கையிற் பணமும் இருந்தால் நாம் சொல்லும் 27 அங்குலம்" என்றோம். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, மகளிடமும் கேட்டதாகவும் அவளும் இதையே சொன்னதாகவும் கூறினார். தொலைபேசியை அவளிடமே கொடுத்தார்.

"மாமா, தம்பிக்கு இப்பவே வாங்கச் சொல்லிப்போட்டன். நீங்கள் இன்னும் பொறுக்கச் சொல்லுவியளோ எண்டுதான் பயந்தனான்" என்றாள் அவள். நாம் மறுமொழி தேடிக்கொண்டிருக்கையில் அவளே தொடர்ந்தாள்: "லீவிலை வரேக்கை எனக்கும் அரைவாசி வேணும். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரண்டு பேப்பர் பக்கத்திலை பக்கத்திலை நிக்குமோ?"

நிற்கும் என்றோம். பதினொரு சென்றிமீற்றர் இடம் மிச்சமும் இருக்கும்.